தோழி கண்டதைச் சொல்லட்டும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், புளியங்குளத்திலிருந்து இளம் சகோதரி ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவர் கையில் ஒரு பாடசாலைக் கொப்பி இருந்தது. தம் சிநேகிதிக்கு அடுத்த மாதம் திருமணம் என்றார். தாமே பெண்தோழியாக நிற்கப் போவதாகவும், விருந்தின்போது தோழி எழுந்து சில வார்த்தை பேச வேண்டுமென்று கனடாவில் இருக்கும் மணமகளின் தமையன் கேட்டுக்கொண்டதாகவும் கூறினார்.

"எழுதிக்கொண்டு வந்திருக்கிறன், ஃபாதர். பிழை திருத்தித் தாங்கோ."

நான்கு பக்கம் எழுதியிருந்தார். மணமகள் நிலவைப் போன்றவள், பொறுமையில் பூமியைப் போன்றவள், மாப்பிள்ளை கொடுத்து வைத்தவர் என்றெல்லாம் இருந்தது. கைபேசியில் பார்த்த வெளிநாட்டுத் திருமணம் ஒன்றிலிருந்து எடுத்த இரண்டு பகிடிகளும் இருந்தன. எழுத்துப் பிழை மிகக் குறைவு. ஆனால் மணமகளின் பெயரை அழித்துவிட்டு வேறொரு பெண்ணின் பெயரை எழுதினால், அந்தப் பேச்சு எந்த ஊரின் எந்தக் கலியாணத்துக்கும் பொருந்திவிடும்.

"இந்தப் பிள்ளையை உமக்கு எப்போதிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"மெனிக் பாம் முகாமில் இருந்து, ஃபாதர். அப்ப எங்கள் இரண்டு பேருக்கும் பத்து வயது."

அந்த நான்கு பக்கங்களில் மெனிக் பாம் என்ற சொல் எங்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு தம் உண்மையான கேள்வியைக் கேட்டார்: "அவளின்ர அப்பா 2009இல் காணாமற் போனவர். அவரைப் பற்றிச் சொல்லலாமோ, சொல்லக் கூடாதோ? சொன்னால் அம்மா அழுவா. சொல்லாமல் விட்டால் அதுவும் பிழை போலக் கிடக்கு."

கொப்பியைத் திருத்துவதைவிட இந்தக் கேள்விக்கு விடை காண்பதே முதல் வேலை என்று எனக்குப் பட்டது. அன்று நாங்கள் இருவரும் பேசியவற்றை, சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடும் பெயர் குறிப்பிடாமலும் இங்கே பாடமாக எழுதுகிறேன். இனிவரும் மாதங்களில் தோழியாக நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு இது உதவலாம்.

இது அந்நிய வழக்கமா?

"தோழி பேசுவது வெள்ளைக்காரர் பழக்கம், நமக்கு எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. விருந்து மேசையில் வரிசையாக எழுந்து பேசி, கிண்ணம் உயர்த்தி நலம் வேண்டுவது ஆங்கிலேயர் வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கத்திலும் நெடுங்காலம் பேசியவர்கள் ஆண்களே: மணமகளின் தகப்பனார், மணமகன், மாப்பிள்ளைத் தோழன். தோழிப் பெண்களுக்காக நன்றி கூறியவனும் மாப்பிள்ளைத் தோழனே. தோழி எழுந்து பேசுவது அங்கும் பிந்தி வந்த வழக்கம். அது கனடா, இலண்டன் வழியாக வீடியோவில் ஏறி இப்போது வன்னிக்கும் வந்திருக்கிறது.

தமிழுக்கோ தோழி பேசுவது புதிதன்று. நம் அகப்பாட்டுகளில் அதிகம் பேசுகிறவர்களில் ஒருத்தி தோழி. சங்க நூல்களைப் புரட்டினால் பாட்டுக்குப் பாட்டு 'தோழி கூற்று' என்ற குறிப்பைக் காணலாம். தோழி செவிலித்தாயின் மகள் என்று தொல்காப்பியம் உறவு முறையே வகுத்திருக்கிறது. தலைவியின் காதலை மறைத்து வைக்க இயலாத வேளை வரும்போது, அதைத் தக்க முறையில் பெரியவர்களுக்கு எடுத்துரைப்பது தோழியின் கடமை. தலைவி தோழிக்குச் சொல்வாள். தோழி செவிலிக்குச் சொல்வாள். செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் சொல்வார்கள். இதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. உள்ளதைச் சொல்லுதல் அறத்தின் பக்கம் நிற்பதாகும் என்பது அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டு 261 அடிகள் கொண்டது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவிக்கக் கபிலர் பாடியது என்று பழைய குறிப்பு கூறுகிறது. அந்தப் பாட்டு முழுவதும் ஒரு தோழி செவிலித்தாய்க்குச் சொல்லும் உரை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பூக்களின் பெயர்ப் பட்டியலுக்காக அதைப் படிக்கிறோம். தோழி பேசும் முறைக்காகவும் படிக்கலாம்.

அவள் என்ன செய்கிறாள்? முதலில் தாயை வாழ்த்துகிறாள். தாயின் கவலை தனக்குத் தெரியும் என்று காட்டுகிறாள். பிறகு நடந்ததை நடந்தபடி சொல்கிறாள்: தினைப்புனம் காத்தது, அருவியில் நீராடியது, பூக் கொய்தது, அவன் வந்தது, யானைக்கு அஞ்சி நடுங்கியது. வாசல் அகலத் திறந்த வீட்டில் விருந்தினருக்கெல்லாம் படைத்து, எஞ்சியதை உன்னோடு உண்பேன் என்று அவன் தலைவிக்குச் சொன்னதையும், மலைமேல் உறையும் முருகனை வாழ்த்தி அருவி நீர் குடித்துச் சூள் உரைத்ததையும் எடுத்துரைக்கிறாள். அவன் நல்லவன் என்று வெறுமனே புகழாமல், அவன் செய்ததைச் சொல்லித் தாயே முடிவு செய்யட்டும் என்று விடுகிறாள். முழு உரையிலும் தலைவியை நாணச் செய்யும் சொல் ஒன்றும் இல்லை.

நல்ல தோழி உரைக்கு வேண்டிய இலக்கணம் இவ்வளவுதான்.

இரண்டு சாட்சிகள்

திருச்சபையும் இதே பக்கத்தில்தான் நிற்கிறது. பழைய காலத்தில் ஐரோப்பாவில் மறைவாகத் திருமணம் செய்து, பின் அந்தப் பெண்ணைக் கைவிட்டு, வேறொருத்தியைப் பகிரங்கமாக மணந்த ஆண்கள் இருந்தார்கள். மறைவில் நடந்ததை எண்பிக்க வழியில்லாமல் கைவிடப்பட்ட பெண்கள் தவித்தார்கள். இதைத் தடுக்கவே 1563இல் திரிதெந்தீன் பொதுச்சங்கம், பங்குக் குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிற்க வேண்டுமென்று கட்டளையிட்டது. 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1108ஆம் இலக்கமும் இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. நம் நாட்டின் 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படியும் பதிவேட்டில் இரண்டு சாட்சிகளின் கையொப்பம் வேண்டும்.

அந்த இருவராகத் தோழனும் தோழியும் நிற்பது நம்மிடையே உண்டு. ஆகவே, அன்புச் சகோதரியே, நீர் அழகுக்காக நிறுத்தப்பட்ட பொம்மை அல்ல. நீர் ஒரு சாட்சி. கோயிலில் கையெழுத்தால் சாட்சி சொல்கிறீர். பந்தலில் வாயால் சாட்சி சொல்கிறீர்.

சாட்சிக்கு ஒரு விதி உண்டு. தான் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். கேள்விப்பட்டது, ஊகித்தது, கூட்டிச் சேர்த்தது ஒன்றும் செல்லாது. இந்த ஒரு விதியைக் கைக்கொண்டால் பேச்சில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தாமே விலகிவிடும்.

எழுதும் முறை

முதலில் ஒரு வெற்றுத் தாளை எடுத்து, மணமகளைப் பற்றி நீர் கண்ணால் கண்ட பத்துச் சங்கதிகளை எழுதும். குணங்களை எழுத வேண்டாம். 'அவள் இரக்கமுள்ளவள்' என்பது குணம். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் அவள் என்ன செய்தாள் என்பது சங்கதி. சங்கதியைச் சொன்னால் குணம் கேட்பவர் மனத்தில் தானாகத் தெரியும். குணத்தை மட்டும் சொன்னால் ஒன்றும் தெரியாது.

புளியங்குளத்துச் சகோதரி என் முன்னாலேயே எழுதத் தொடங்கினார். ஐந்தாவதாக அவர் எழுதியது இது: முகாமில் தண்ணீர்ப் பவுசர் வரும் நேரத்தில் நீண்ட வரிசை நிற்கும். இவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு கிழமையும் சிநேகிதி இரண்டு முறை வரிசையில் நின்றிருக்கிறாள். முதல் முறை தன் கூடாரத்துக்கு. பிறகு மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய், இவர்களுடைய கூடாரத்துக்கு. பத்து வயதுப் பிள்ளை!

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டேன். "இது சின்ன விசயம்தானே, ஃபாதர்" என்றார். நிலவையும் பூமியையும் விட்டுவிட்டு இந்தச் சின்ன விசயத்தை எழுதச் சொன்னேன்.

பத்தில் ஒன்றை, மிஞ்சினால் இரண்டைத் தேர்ந்தெடும். மற்றவற்றை விட்டுவிடும். மூன்றாவது கதை சொல்லும்போது சபையின் கண் சாப்பாட்டு மேசைக்குப் போய்விடும்.

அடுத்து மாப்பிள்ளை. பல தோழிகள் அவரை மறந்தே போகிறார்கள். அவருடைய தாய் தகப்பன், சகோதரங்கள், மாமி மச்சாள்மார் பந்தலில் பாதியை நிறைத்து இருக்கிறார்கள். அவர்களுக்கும் அது கலியாண வீடு. அவரிடத்தில் நீர் கண்ட ஒன்றைச் சொல்லும். நம் சகோதரி யோசித்துச் சொன்னார்: சம்பந்தம் பேச வந்த அன்று, எல்லாரும் புறப்படும் வேளையில், அயலில் இரவல் வாங்கிய கதிரைகளை அந்தப் பிள்ளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாராம். ஒருவரும் கேட்கவில்லை. இதைவிடப் பெரிய புகழ்ச்சி ஒரு மருமகனுக்கு வேண்டுமா?

பேச்சை இப்படி அமைத்துக்கொள்ளலாம்:

1. வணக்கமும் வாழ்த்தும். குருவானவர், இரு பக்கத்துப் பெற்றோர், சபையோர் என்று மூன்றே விளிப்புப் போதும். பத்துப் பெயரை வரிசைப்படுத்தினால் பதினோராவது ஆள் மனம் நோவார்.

2. நீர் யார், மணமகளை எப்படி அறிவீர் என்று ஒரே வாக்கியம்.

3. மணமகளைப் பற்றிக் கண்ட சங்கதி.

4. மணமகனைப் பற்றிக் கண்ட சங்கதி.

5. இருவரையும் நேரே பார்த்து ஒரு வாழ்த்து. அதோடு அமர்ந்துவிடும்.

நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ நூறு சொற்கள் போகும். மேற்கண்ட ஐந்துக்கும் நானூறு சொற்கள் தாராளம். நான்கைந்து நிமிடத்துக்கு மேல் பேசிய பிரசங்கத்தை, என்னுடையது உட்பட, சபையோர் எப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் பீடத்திலிருந்து பார்த்தே நான் இதைச் சொல்கிறேன்.

சொல்லத் தகாதவை

எழுதி முடித்தபின் கீழ்க்கண்டவை உள்ளே நுழைந்திருக்கின்றனவா என்று பாரும். நுழைந்திருந்தால் வெட்டிவிடும்.

மணமகளின் பழைய விருப்பங்கள், அவளுக்கு முன்பு வந்து பொருந்தாமற் போன சம்பந்தங்கள். பகிடியாகக் கூட வேண்டாம். வெளிநாட்டு வீடியோவில் இதற்குச் சிரிப்பார்கள். இங்கே அந்தச் சிரிப்பு முடிந்தபின் ஒரு பெண் ஒரு வீட்டுக்குள் வாழப் போக வேண்டும்.

சீதனம், நகை, வீடு, கனடாக் காசு. யார் எவ்வளவு செலவழித்தார் என்று புகழ்வதும் கணக்குக் காட்டுவதும் ஒன்றே. பந்தலில் இருக்கும் இல்லாதவர் வீட்டுப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொள்ளும்.

நிறம், உயரம், படிப்பு, குலம் இவற்றை வைத்து ஒப்பிடுதல். 'அடுத்த வருடம் தொட்டில்' என்ற பேச்சு. அதைக் கேட்டுக் கூனிக் குறுகும் தம்பதியர் எத்தனை பேர் என்பதைக் குருக்கள் அறிவோம்.

இரகசியங்கள். சிநேகிதி உம்மிடம் மட்டும் சொன்னது உம்முடைய சொத்து அல்ல. எழுதியதை முன்கூட்டியே மணமகளிடம் காட்டும். 'இது வேண்டாம்' என்று அவள் சொன்னால் காரணம் கேளாமல் வெட்டும். அவள் தாயாரையும் ஒரு முறை கேளும்.

கடைசியாக, உம்மைப் பற்றிய நீண்ட கதை. உம் கண்ணீர், உம் தனிமை, அவள் போனபின் நீர் என்ன செய்வீர் என்பதெல்லாம் இருவரும் தனியே இருந்து கதைக்க வேண்டியவை.

இல்லாதவர்களைப் பற்றி

இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

கண்டி வீதியில் ஓமந்தையைத் தாண்டிக் கனகராயன்குளம் போகும் வழியில் இருப்பது புளியங்குளம். நெடுங்கேணிக்குப் பிரியும் சந்தி அங்கேதான். 1997இல் ஜெயசிக்குறு நடவடிக்கையின் கடும் சண்டை அந்த இடத்தில் நடந்தது. அதன்பின் இடப்பெயர்வு, திரும்பி வருதல், மறுபடியும் இடப்பெயர்வு. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது வன்னி மக்களில் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. 2013இல் கிளிநொச்சிவரை புகையிரதம் மறுபடியும் ஓடத் தொடங்கியது. தண்டவாளமும் வீதியும் வந்துவிட்டன, வராதவர்கள் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்து கேட்கத் தொடங்கியது அவர்களைப் பற்றியே.

ஆகவே வன்னியில் ஒரு கலியாணப் பந்தலில் யார் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தோழி சொல்லாவிட்டாலும் தெரியும். அழைப்பிதழ் அடிக்கும்போதே அந்த வீட்டில் ஒரு போராட்டம் நடந்து முடிந்திருக்கும். தகப்பன் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று போடுவதா, போடாமல் விடுவதா? போட்டால் நம்பிக்கையைக் கையால் புதைப்பது போல இருக்கும். 'அமரர்' என்ற ஒரு சொல்லை யோசியாமல் ஒலிவாங்கியில் சொல்லிவிட்டால், ஒரு தாயின் பல வருடக் காத்திருப்பைத் தோழி ஒருத்தி தீர்த்து எழுதிவிடுகிறாள். அப்படிச் செய்ய அவளுக்கு உரிமை இல்லை. அதே போல, 'அப்பா எங்கோ இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லவும் உரிமை இல்லை. அவளுக்கு அது தெரியாது. தெரியாததைச் சாட்சி சொல்லக் கூடாது.

அப்படியானால் மௌனமா? வீட்டார் மௌனத்தை விரும்பினால் மௌனமே சரி. அதனால்தான் முதலில் தாயாரைக் கேட்கச் சொன்னேன். சகோதரி போய்க் கேட்டார். அந்தத் தாய் சொன்ன விடையை அவர் எனக்கு வந்து சொன்னார்:

"அவரின்ர பேரைச் சொல்லு பிள்ளை. இருக்கிறார் எண்டும் சொல்லாதை, இல்லை எண்டும் சொல்லாதை."

"அப்ப என்னத்தைச் சொல்லுறது, ஃபாதர்? நான் அவரைக் கண்டதே இல்லையே" என்றார் சகோதரி. அவர்கள் சிநேகிதமானது முகாமில் அல்லவா?

"அவரைக் காணவில்லை, சரி. அவர் பழக்கிவிட்ட எதையாவது அவர் மகளிடத்தில் கண்டிருக்கிறீரா?"

நெடுநேரம் யோசித்தார். ஊர் திரும்பியபின் இருவரும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவார்கள். புறப்படும் முன் சிநேகிதி குனிந்து, இரண்டு சைக்கிளின் சில்லுகளையும் பெருவிரலால் அமத்திக் காற்றுப் பார்ப்பாள். தன்னுடையதை மட்டுமல்ல, இவருடையதையும். ஒரு நாள் ஏன் என்று கேட்டபோது அவள் சொன்னாளாம்: "அப்பா இப்படித்தான் செய்வார்."

அன்பு வாசகர்களே, நம் தாய்மொழி செய்யும் உபகாரத்தைப் பாருங்கள். 'செய்தார்' என்றால் முடிந்து போயிற்று. 'செய்கிறார்' என்றால் நாம் அறியாததைச் சொன்னதாகும். 'செய்வார்' என்ற சொல்லோ முன்பு வழக்கமாகச் செய்ததையும் குறிக்கும். இனிமேல் செய்யப் போவதையும் குறிக்கும். எந்தத் தாயின் நம்பிக்கையையும் அது முறிக்காது. எந்தப் பொய்யும் அதில் இல்லை. பத்து வயதில் அந்தப் பிள்ளை அறியாமலே சரியான சொல்லைச் சொல்லிவிட்டாள். தோழி அதை அப்படியே திருப்பிச் சொன்னால் போதும்.

இறந்தது உறுதியாய்த் தெரிந்தவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதே வழி நல்லது. எப்படி இறந்தார், எங்கே, யாரால் என்பவற்றைப் பந்தலில் எடுக்க வேண்டாம். அவற்றைச் சொல்ல வேறு இடங்கள் உண்டு. அங்கே கட்டாயம் சொல்ல வேண்டும். கலியாண நாளில், அவரிடமிருந்து இந்தப் பிள்ளைக்கு வந்த ஒரு பழக்கத்தைச் சொல்லும். இரண்டு வாக்கியம் போதும். சொல்லிவிட்டு ஒரு மூச்சு நிறுத்தி, மாப்பிள்ளையைப் பற்றிய சங்கதிக்குப் போய்விடும். பேச்சின் முடிவில் துயரத்தை வைக்க வேண்டாம்; நடுவில் வையும். வாழ்த்து கடைசியில் இருக்கட்டும்.

பேசும் முறை

எழுதியதைத் தடித்த கடதாசியில் பெரிய எழுத்தில் படியெடுத்துக்கொள்ளும். கைபேசியைப் பார்த்து வாசிக்க வேண்டாம். பேச்சின் நடுவில் அழைப்பு வரும், திரை அணையும். மனப்பாடமும் வேண்டாம். ஒரு சொல் தவறினால் எல்லாம் தவறும்.

வீட்டில் மூன்று முறை உரத்து வாசியும். ஒரு முறை தனியே. ஒரு முறை வயதான ஒருவர் முன்னால். ஒரு முறை நின்றபடி. நாக்குத் தடக்கும் சொல்லை மாற்றும். மேடைத் தமிழ் வாயில் வராவிட்டால் நீர் கதைக்கும் தமிழிலேயே சொல்லும்.

எப்போது பேசுவது என்று முன்கூட்டியே பந்தலைக் கவனிப்பவரிடம் கேட்டு ஒழுங்கு செய்துகொள்ளும். கேக் வெட்டியபின், சாப்பாட்டுக்கு முன் பேசுவது நல்லது. சாப்பாடு தொடங்கிவிட்டால் கிடாரச் சத்தத்தோடு போட்டி போட முடியாது. ஜெனரேற்றர் ஒலிவாங்கிக்குக் கிட்ட இருந்தால் தள்ளி வைக்கச் சொல்லும். ஒலிவாங்கியை வாய்க்கு ஒரு சாண் தள்ளிப் பிடியும். மின்சாரம் நின்றால் பதறாமல் இரண்டடி முன்னே வந்து உரத்துப் பேசும்.

வீடியோக்காரரைப் பார்த்துப் பேசாதீர். ஆனால் கைபேசி வழியாக வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களை ஒரு வாக்கியத்தில் நினைவுகூரும். புளியங்குளத்தில் நடுப்பகலாக இருக்கையில் ரொறன்ரோவில் நள்ளிரவு கடந்த நேரம். தங்கச்சியின் கலியாணத்தைப் பார்க்கத் தமையன் நித்திரை விழித்து இருப்பான்.

அழுகை வந்தால்? வரட்டும். ஓடிப் போக வேண்டாம். மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். கடதாசியைத் தாழ்த்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்து, நின்ற இடத்திலிருந்து தொடரும். சபையோர் காத்திருப்பார்கள். அழ வைப்பதற்கென்று எழுதிய வரி ஒன்று இருந்தால் மட்டும் அதை இன்றே வெட்டிவிடும்.

முடிவில்

அந்தச் சகோதரி கடைசியாக எழுதிய பேச்சின் நடுப்பகுதியைத் தருகிறேன். பார்த்து எழுதுவதற்காக அல்ல. எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்று காட்டுவதற்காக. தகப்பனாரின் பெயர் வரும் இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

"மெனிக் பாமில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, ஒரு கிழமையாக இவள் தண்ணீர் வரிசையில் இரண்டு தரம் நின்றவள். ஒரு தரம் தங்கள் வீட்டுக்கு, ஒரு தரம் எங்கள் வீட்டுக்கு. பிறகு ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் போன காலத்தில், ஒவ்வொரு நாளும் என்ர சைக்கிளுக்கும் காற்றுப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். ஏன் என்று கேட்டேன். அப்பா இப்படித்தான் செய்வார் என்றாள். அவளுடைய அப்பாவை நான் கண்டதில்லை. ஆனால் அவர் பழக்கிய கையை ஒவ்வொரு நாளும் கண்டிருக்கிறேன். மாப்பிள்ளை அண்ணா, சம்பந்தம் பேச வந்த அன்று நீங்கள் இரவல் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு போனதையும் கண்டேன். அப்போதே நினைத்தேன், இனி இவள் இரண்டு தரம் வரிசையில் நிற்கத் தேவையில்லை, ஒரு தரம் நீங்கள் நிற்பீர்கள் என்று."

நானும் அந்தப் பந்தலில் இருந்தேன். பேச்சு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கணவரின் பெயர் வந்தபோது தாயார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். கதிரைக் கதை வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தோழி அமர்ந்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "பிள்ளை சரியாய்ச் சொல்லிப்போட்டாள்" என்றார். பிறகு எழுந்து போய் எல்லாரையும் சாப்பிட அழைத்தார்.

திருமுழுக்கு யோவான் தம்மை மணமகனின் தோழன் என்று சொல்லிக்கொண்டார். தோழனின் வேலை அருகில் நிற்பது, மணமகனின் குரலைக் கேட்டு மகிழ்வது, பிறகு தான் குறைந்து அவருக்கு இடம் விடுவது என்பது அவர் காட்டிய வழி. தோழிக்கும் அதுவே வழி. கண்டதைச் சொல்லும்; வாழ்த்தும்; அமர்ந்துவிடும். அன்றைய நாள் மணமக்களுடையது.

தோழியாக நிற்கப் போகும் பிள்ளைகளே, இன்றே ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துச் சங்கதிகள், உங்கள் கண்ணால் கண்டவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

ஆசிரியர்